“கவலைப்படாதே” என்று பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்வது மருந்தாகுமா? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கேள்வி

கிராணிமகள் எழுதியது

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் தங்கையை அழைத்துக்கொண்டு இங்கே மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்திலுள்ள தாய்சேய் நலக் கிளினிக் ஒன்றிற்குப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது இருபத்தாறு வாரம், இரண்டாவது பிள்ளை. இனிப்புநீர் (நீரிழிவு) பரிசோதனை என்பதால் முந்தின இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீரைத் தவிர அவள் வாயில் எதுவும் படவில்லை. காலையில் ஒரு முறை இரத்தம் எடுத்த பிறகு, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு மடக்கு மடக்காக முழுவதையும் குடித்துவிட்டாள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடி இரத்தம் கொடுத்தால் வேலை முடிந்துவிடும். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, வாசலுக்கு ஓடி, கால்வாய் ஓரம் குந்தி, அத்தனையையும் வாந்தியெடுத்துவிட்டாள். இன்று பரிசோதனை செல்லாது, வேறொரு நாள் வர வேண்டும் என்றார்கள்.

அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மாதம் முழுவதும் தவறாமல் வந்தால் கொடுக்கும் வருகைப்படியும் அந்த ஒரு நாளோடு போய்விடும். அதை எண்ணித்தான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அங்கிருந்த மிசி (தாதி) நல்ல மனத்தோடுதான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, “இப்படிக் கவலைப்பட்டால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாதும்மா, கவலைப்படாதே” என்றார். அன்றிரவு தங்கைக்குத் தூக்கம் வரவில்லை. “நான் கவலைப்பட்டதால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா அக்கா?” என்று கேட்டாள். பணத்தைப் பற்றிய கவலையோடு, கவலைப்படுவதைப் பற்றிய கவலையும் இப்போது சேர்ந்துகொண்டது.

பொதுச் சுகாதாரத்தைப் பகுதிநேரமாகப் படித்தவள் நான். சுகாதாரப் பதிவுகளைக் கணினியில் ஏற்றும் வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். அவள் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்று படித்ததையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே வைக்கிறேன்.

நெருக்கடி வரும்போது சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியிலிருந்து கார்ட்டிசோல் என்னும் இயக்குநீர் சுரக்கிறது. இது நஞ்சன்று, உயிரோடிருக்க வேண்டிய ஒன்று. கர்ப்பத்தின் பிற்பகுதியில் எந்தக் கவலையும் இல்லாத தாய்க்கும் இதன் அளவு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. பிள்ளையின் நுரையீரல் பக்குவப்படுவதற்கும் இது தேவை. ஆனால் தாயின் கார்ட்டிசோல் அப்படியே பிள்ளைக்குப் போய்விடாதபடி நஞ்சுக்கொடி காவல் காக்கிறது. அதிலுள்ள ஒரு நொதி கார்ட்டிசோலைச் செயலற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. தாய் நீண்ட நாள் போதிய உணவின்றியோ ஓயாத நெருக்கடியிலோ இருந்தால் அந்தக் காவல் தளர்கிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஒரு நாள் அழுகையால் தளர்ந்துவிடும் காவல் அன்று அது. இதைத்தான் முதலில் தங்கையிடம் சொன்னேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உறைமழை பெய்து, மின்கம்பிகள் பனியின் பாரம் தாங்காமல் அறுந்து, சுமார் முப்பது இலட்சம் பேர் மின்சாரமின்றித் தவித்தார்கள். சில வீடுகளுக்கு ஒரு மாதத்திற்கும் மேலாக மின்சாரம் வரவில்லை. அப்போது கர்ப்பமாக இருந்த பெண்களையும் பின்னர் பிறந்த பிள்ளைகளையும் சுசான் கிங் என்னும் ஆய்வாளரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக அளந்தார்கள். ஒன்று, எத்தனை நாள் மின்சாரம் இல்லை, வீட்டைவிட்டு எத்தனை முறை வெளியேற நேர்ந்தது, எவ்வளவு வருமானம் போனது என்பது. மற்றொன்று, அந்தப் பெண் எவ்வளவு மனம் கலங்கினாள் என்பது. பிள்ளைகளுக்கு ஐந்தரை வயதானபோது உடற்பருமனோடு தொடர்புடையதாகத் தெரிந்தது முதலாவது. பதின்மூன்று வயதில் மரபணுக்களின் மீதுள்ள வேதிக்குறிகளை, அதாவது மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டிக் குறைக்கும் குறிகளை, பார்த்தபோதும் அப்படியே. தாய் எவ்வளவு கலங்கினாள் என்பதோடு அந்த மாற்றங்கள் ஒத்துப்போகவில்லை. அவள் எதைத் தாங்கினாள் என்பதோடுதான் ஒத்துப்போயின.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாம் எல்லாரும் பிள்ளைத்தாய்ச்சியின் மனத்தைத் திருத்தப் பார்க்கிறோம். அவளைச் சுற்றியிருக்கும் நாள்சம்பளத்தையும் பேருந்து நேரத்தையும் வீட்டையும் யார் திருத்துவது? உங்கள் அனுபவத்தையும் கருத்தையும் எழுதுங்கள்.

செம்பனைச்சாலை எழுதியது

தங்கச்சி நலமாகப் பிள்ளை பெற வேண்டும். ஆனால் இந்த வாதத்தை என்னால் முழுவதுமாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் பாட்டி பேறுக்கு முதல் நாள்வரை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு (பெயர் கூப்பிடும் வரிசைக்கு) நின்று, இரண்டு வாளிப் பாலைக் காண்டாவில் (தோள்கம்பில்) தூக்கி, ஸ்டோருக்கு நடந்தவர். பன்னிரண்டு பிள்ளைகள் பெற்றார். அந்தக் காலத்தில் யாரும் மன அழுத்தம் என்று பேசியதில்லை. நம்மவர்களுக்கு இன்று நோய் கூடியிருப்பதற்குக் காரணம் கண்முன்னே இருக்கிறது: காலையில் ரொட்டி சானாய், பத்து மணிக்குச் சீனி மிதக்கும் தே தாரிக், மதியம் குவித்துவைத்த வெள்ளைச் சோறு, இரவில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பொரித்தது, உடம்பில் அசைவும் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் என்று வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தாம் முதலிடம். வாயைக் கட்டாமல் கனடாவின் பனியைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்கிறேன். குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓய்வுபெற்ற மிசி எழுதியது

ஐயா, உங்கள் பாட்டியார் பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளில் ஐந்து வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்? நான் வம்புக்குக் கேட்கவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் சமூகத் தாதியாக இருந்தவள்; வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவதே என் வேலையாக இருந்தது. “எத்தனை பிள்ளை?” என்று கேட்டால் முதலில் உயிரோடிருப்பவர்களைத்தான் எண்ணிச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி கேட்டால்தான், “ஒண்ணு எட்டு மாசத்திலேயே போச்சு, ஒண்ணு பொறந்து ஆறு நாள்” என்று மற்றவை வெளியே வரும். பிழைத்தவர்களைப் பார்த்து அந்தக் காலத்துத் தாய்மார்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கிராணிமகள் அம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “கவலைப்படாதே” என்று நானும் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். ஒரு காலைப்பொழுதில் நாற்பது பேர் வரிசையில் இருக்கும்போது நம் கையில் இருப்பது அந்த ஒரு சொல்தான். அதற்காக அந்த மிசியைத் தவறாக எண்ணாதீர்கள். ஆனால் அந்தச் சொல் தாயின் மேல் பழியாக இறங்கும் என்பதை நான் பணியிலிருந்த காலத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு, 1987இல் வெளிவந்தது. பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி உங்களையே குறைசொல்லிக்கொண்டீர்களா என்றெல்லாம் கேட்கும். பயனுள்ள தாள்தான், உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. மனச்சோர்வு ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. அதைக் கவலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, வீட்டை எப்போது காலிசெய்யச் சொல்லியிருக்கிறார்கள், கிளினிக்கிற்கு எப்படி வந்தாய் என்று அந்தத் தாளில் கேள்வி இல்லை. அதைக் கேட்கிற தாதி தன் விருப்பத்தால் கேட்டால்தான் உண்டு.

எண்ணும்எழுத்தும் எழுதியது

புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். முதலாவது, எச்சரிக்கை. பனிப்புயல் ஆய்வில் மரபணுக் குறிகளைப் பார்த்த பகுதியில் இருந்த பிள்ளைகள் நாற்பதுக்கும் குறைவானவர்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையிலிருந்து கிடைத்த முடிவைச் சாட்டையாக எடுத்து யாரையும் அடிக்கக் கூடாது. ஆனாலும் அந்த ஆய்வுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. சாதாரணமாக, நெருக்கடியில் வாழும் தாய் ஏழையாகவும் இருப்பாள், அவள் வீட்டில் ஒருவர் புகைபிடிப்பார், உணவும் குறைவாக இருக்கும்; எது எதற்குக் காரணம் என்று பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம். புயலோ ஏழை வீடு, பணக்கார வீடு என்று பார்த்து அறுக்கவில்லை. எந்தக் கம்பி எப்போது அறுந்தது என்பது ஏறக்குறைய குலுக்கல் சீட்டுப்போல அமைந்தது. அதனால்தான் ஆய்வாளர்கள் இத்தகைய நிகழ்வுகளைத் தேடிப் போகிறார்கள்.

இரண்டாவது, செம்பனைச்சாலை ஐயாவின் கருத்துக்கு. உணவு முக்கியமில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இலண்டனில் அரசாங்க ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வை எண்ணிப் பாருங்கள். எல்லாரும் மேசை வேலைக்காரர்கள் அல்லது அலுவலகச் சேவகர்கள். யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். இருந்தும் அடிமட்டப் பதவியிலிருந்தவர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உச்சிப் பதவியிலிருந்தவர்களைப்போல மூன்று மடங்கிற்கும் மேல் இருந்தது. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. மைக்கேல் மார்மட்டும் அவர் குழுவினரும் பின்னர் நடத்திய இரண்டாம் ஆய்வில், தன் வேலையின் வேகத்தையும் முறையையும் தானே தீர்மானிக்க முடியாத நிலை இதயநோயோடு தொடர்புடையது என்று கண்டார்கள். எத்தனை மரம், எந்த நிரை, எத்தனை மணிக்குப் பிரட்டு என்று எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்த வாழ்க்கையைப் பற்றிச் சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நாலாம்லயன் எழுதியது

நான் இதுவரை எதிலும் எழுதியதில்லை; படிப்பதோடு சரி. கிராணிமகள் அக்கா கேட்டதால் எழுதுகிறேன்.

என் மூத்த மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது எங்கள் லயத்திற்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) கடிதம் வந்தது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், மூன்று மாதத்தில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று மலாயில் இருந்தது. எந்தத் தோட்டம் என்று நான் சொல்லப்போவதில்லை. பல தோட்டங்களுக்கு இதே கதைதான். மாமியார் அந்த வீட்டில் பிறந்தவர். கடிதத்தை மடித்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார், சோறு வடிக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பார். முதலில் தண்ணீர்க் குழாயை மூடினார்கள். நான் பக்கத்து லயத்திலிருந்து வாளியில் தண்ணீர் தூக்கினேன். என் கணவர் வாடகை வீடு தேடிப் போன நாளெல்லாம் அவருக்குச் சம்பளம் இல்லை. முப்பத்தைந்தாவது வாரத்தில் வலி கண்டு, பிள்ளை இரண்டு கிலோ நூறு கிராமில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டியில் பதினோரு நாள் இருந்தாள்.

இன்று அவளுக்குப் பத்தொன்பது வயது, நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் இத்தனை ஆண்டுகளும் என் மனத்திற்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: நான் அன்று அவ்வளவு அழுதிருக்கக் கூடாது. அழுததால்தான் பிள்ளை முன்கூட்டி வந்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். தண்ணீர் தூக்கியதைப் பற்றியோ கடிதத்தைப் பற்றியோ யாரும் பேசவில்லை. நேற்று இந்த இழையை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

கிராணிமகள் எழுதியது

நாலாம்லயன் அக்கா, நீங்கள் எழுதியதற்கு நன்றி என்ற சொல் போதாது. ஒரு குறிப்பிட்ட பிரசவம் ஏன் முன்கூட்டி நிகழ்ந்தது என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீண்ட நேரம் நிற்பது, பாரம் தூக்குவது, இரவு வேலை ஆகியவை குறைமாதப் பிரசவத்தின் அபாயத்தை ஓரளவு கூட்டுகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். நீங்கள் அழுததை யாராவது சொன்னால், அந்த வாளியைச் சொல்லுங்கள்.

மிசி அம்மா, பதிவேடு என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்ஷயர் வட்டாரத்தில் 1911 முதல் எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற மேற்பார்வையாளரின் ஏற்பாட்டில், மருத்துவச்சிகளும் தாதிகளும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேடுகளில் மையால் எழுதிவைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவர் அந்தப் பேரேடுகளைத் தேடியெடுத்து, 1911க்கும் 1930க்கும் இடையில் அங்கே பிறந்த 5,654 ஆண்களின் பின்னாளைய வாழ்வைப் பின்தொடர்ந்தார். பிறப்பிலும் ஒரு வயதிலும் எடை மிகக் குறைந்தவர்களே இதயநோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் அது வெளியானது. வயிற்றிலிருந்த நாட்களுக்கும் அறுபது வயது மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணம் வேரூன்றியதில் அந்தத் தாதிகளின் கையெழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஓய்வுபெற்ற மிசி எழுதியது

படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியவில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்து ஆசுபத்திரியில் பழைய டிரெசர் (மருத்துவ உதவியாளர்) ஒருவர் இருந்தார். பச்சை அட்டை போட்ட நீளமான பேரேடுகள் அவர் அலமாரியில் ஆண்டுவாரியாக அடுக்கியிருக்கும். தாயின் பெயர், தகப்பன் பெயர், எத்தனையாவது பிள்ளை, இராத்தலில் எடை, குறிப்பு. குறிப்பு என்ற கட்டத்தில் சிவப்பு மையால் சிறு கோடு இருந்தால் பிள்ளை நிலைக்கவில்லை என்று பொருள். உத்திரத்தில் தொங்கும் வில் தராசில் துணித்தொட்டிலோடு பிள்ளையை நிறுத்து, துணியின் எடையைக் கழித்து எழுதுவார். நானும் அவரிடம்தான் கற்றேன். தோட்டம் கைமாறியபோது ஆசுபத்திரியை மூடினார்கள். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, உடைந்த நாற்காலிகளோடும் ஆயாக்கொட்டகைத் தொட்டில் கம்புகளோடும் சேர்த்து அந்தப் பேரேடுகளையும் எரித்துக்கொண்டிருந்தார்கள். பாதி எரிந்த ஒன்றைக் காலால் தள்ளி வெளியே எடுத்தேன். அதில் ஒரு பக்கம்கூட முழுதாக இல்லை.

செம்பனைச்சாலை எழுதியது

மிசி அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் தேடி என் அத்தையிடம் போனேன். அவருக்கு இப்போது எண்பத்தெட்டு. பாட்டி பெற்ற பன்னிரண்டில் நிலைத்தவர்கள் ஏழு. எனக்கு இது இந்த வயதில்தான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. என் அப்பா 1944இல் பிறந்தவர். தாத்தாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய், குற்றுயிராகத் திரும்பிவந்த சில மாதங்களில் பாட்டி முழுகாமல் இருந்திருக்கிறார். தோட்டத்தில் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். அதுவும் இல்லாத நாளில் கீரைத்தண்டை அவித்துக் குடித்தார்களாம். அப்பா மெலிந்த மனிதர். குடியில்லை, புகையில்லை, நாள் முழுவதும் வெளிக்காட்டு வேலை. நாற்பத்தோராம் வயதில் இனிப்புநீர் வந்தது, பின்னர் ஒரு காலை எடுத்தார்கள். வாயைக் கட்டாததால் வந்தது என்று நாங்கள் எல்லாரும் அவரைத்தான் குறைசொன்னோம். அவரும் தன்னையே குறைசொல்லிக்கொண்டு போய்ச்சேர்ந்தார்.

ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். இது நம் இனத்தின் இரத்தத்திலேயே இருப்பது என்று மருத்துவரே சொல்கிறாரே, அப்படியானால் பஞ்சம், நெருக்கடி என்று பேசுவது எதற்கு?

எண்ணும்எழுத்தும் எழுதியது

ஐயா, ஒருவரின் வாழ்க்கையை வைத்துக் காரணத்தை நிறுவ முடியாது என்று சொல்ல வேண்டியது என் கடமை. அதோடு, உங்கள் தகப்பனார் பிறந்த அதே காலத்தில் நெதர்லாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1944-45 பனிக்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவு போகும் வழியை அடைத்ததால், அந்நாட்டின் மேற்கு நகரங்களில் ஒருவருக்குரிய ஒரு நாள் பங்கீடு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. பஞ்சம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தெளிவாகத் தெரியும். பிறப்புப் பதிவுகளும் மருத்துவமனைகளில் பத்திரமாக இருந்தன. அந்தப் பிள்ளைகளை ஐம்பது வயதில் அழைத்துப் பரிசோதித்தபோது, பஞ்சத்தின்போது வயிற்றிலிருந்தவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் பஞ்சத்தைக் கண்டவர்களுக்கு இதயநோயும் கூடுதலாக இருந்தது. பஞ்சம் நம் தோட்டங்களிலும் இருந்தது. பேரேடு என்ன ஆனது என்பதை மிசி அம்மா மேலே எழுதியிருக்கிறார்கள்.

கிராணிமகள் எழுதியது

“இரத்தத்திலேயே இருக்கிறது” என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். மரபணுவுக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் டேவிட், காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் பிறப்புப் பதிவுகளை ஒப்பிட்டு 1997இல் வெளியிட்டதை மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைத் தாய்மாரின் பிள்ளைகள் சராசரியாக 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த கறுப்புத் தாய்மாரின் பிள்ளைகள் 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்புத் தாய்மாரின் பிள்ளைகள் 3,089 கிராம். எடைக்குறைவு இனத்தின் இரத்தத்தில் இருந்தால் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்களின் பிள்ளைகள்தாம் மிகச் சிறியவர்களாக இருந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திற்கு வந்தால், புனே நகரில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு கண்டது இன்னும் நெருக்கமானது. சுற்றுவட்டார கிராமங்களில் பிறந்த பிள்ளைகள் சராசரியாக 2.7 கிலோ இருந்தார்கள். ஒப்பிட்ட இங்கிலாந்துப் பிள்ளைகள் 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தாலும், தோலுக்கடியிலிருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தெரியும் பிள்ளைக்குள்ளே கொழுப்பு. உங்கள் அப்பாவை எண்ணிக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன் ஐயா. அந்தத் தாய்மார்களும் வயல்வேலை செய்து, குறைவாக உண்டு, கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவர்கள்.

சீனியைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. பன்னிரண்டு மணி நேர வேலை முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் இரவு எட்டரைக்கு இறங்குகிறவள், வழியிலுள்ள கடையில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் வாங்கி வருகிறாள் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறேன்.

எண்ணும்எழுத்தும் எழுதியது

என்ன செய்தால் மாறும் என்பதற்கும் ஒரு சான்று தருகிறேன். கனடாவின் மனிடோபா மாநிலத்தில் 2001 முதல் குறைந்த வருமானமுள்ள கர்ப்பிணிகளுக்கு மாதந்தோறும் 81 டாலர்வரை கொடுத்தார்கள். எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. பெற்றவர்களையும் பெறாதவர்களையும் தகுந்த முறையில் ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஆய்வில், எடைக்குறைந்த பிறப்பும் குறைமாதப் பிறப்பும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மாதம் 81 டாலர் பெரிய தொகையன்று. ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறவளுக்கு அது எவ்வளவு என்பதைக் கிராணிமகள் முதல் பதிவிலேயே எழுதிவிட்டார்.

ஓய்வுபெற்ற மிசி எழுதியது

நடைமுறைக்கு வருகிறேன். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. வாரத்திற்கு 45 மணி நேரம் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. கர்ப்பம் என்பதற்காகவோ கர்ப்பத்தால் வந்த நோய்க்காகவோ வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. தங்கைக்கு இது தெரியுமா என்று கேளுங்கள், பலருக்குத் தெரியாது. ஆனால் பிரசவத்திற்கு முந்திய பரிசோதனைக்காகக் கிளினிக்கில் கொடுக்கும் நேரச் சீட்டு மருத்துவ விடுப்பாகாது. சம்பளம் கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேதான் உங்கள் தங்கை விழுந்திருக்கிறாள். சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்துப் பேசுகிறவர்கள் இதைக் கேளுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு: குளுக்கோஸ் தண்ணீரைக் குளிரவைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள், வாந்தி குறையும். ஒரே மடக்கில் குடிக்காமல் ஐந்து நிமிடத்தில் குடித்து முடிக்கட்டும், பிறகு நடக்காமல் உட்காரட்டும். பசியோடு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து குலுங்கி வருவதுதான் பாதி வாந்திக்குக் காரணம் என்பது என் அனுபவம். இரத்தத்தில் சர்க்கரை (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரம் கழித்து 7.8, இவற்றில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகால இனிப்புநீர் என்று எழுதுவார்கள். அப்படி வந்தாலும் பெரும்பாலோருக்கு உணவு மாற்றத்திலேயே கட்டுப்படும். அவள் எதையோ தவறாகச் செய்துவிட்டாள் என்று பொருளாகாது.

செம்பனைச்சாலை எழுதியது

என்னிடம் காடி (கார்) இருக்கிறது. காலையில் எனக்கு வேலையும் இல்லை. தங்கச்சியை நான் கொண்டுபோய்விடுகிறேன். என் மனைவியும் கூட வருவாள். அந்தப் பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) வேறு பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்தாலும் சொல்லுங்கள், பின்னால் மூன்று பேர் உட்காரலாம்.

நாலாம்லயன் எழுதியது

எங்கள் பிளாட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருத்திக்கு இருபத்து நாலு வாரம், அவளுக்கும் செவ்வாய்க்கிழமைதான் தேதி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் திரும்பும்வரை மூத்த பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கிராணிமகள் எழுதியது

செவ்வாய் முடிந்தது. காடியில் போனார்கள், மிசி அம்மா சொன்னபடி தண்ணீரைக் குளிரவைத்துத் தந்தார்கள். தங்கை இரண்டு மணி நேரமும் செம்பனைச்சாலை ஐயாவின் மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாளாம். வெறும் வயிற்றில் 4.6, பிறகு 7.1. ஒரு நாள் சம்பளமும் வருகைப்படியும் இந்த மாதமும் போயின. அதைப் பற்றித் தொழிற்சாலை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம், ஆறு பெண்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள், பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

மிசி அம்மாவின் பேரேட்டை எண்ணி நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். உங்கள் தாயார், பாட்டி, அத்தை யாராவது தோட்டத்தில் பிள்ளை பெற்றதைப் பற்றிச் சொல்ல முன்வந்தால், எந்த ஆண்டு, எத்தனையாவது பிள்ளை, எடை நினைவிருந்தால் எடை, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். எண்பத்தெட்டு வயது அத்தை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார்.